தணிக்கைத் தடை எண் 7-க்கு விளக்கம்

ஐயா,
அறிவுசார் குறைபாடுடையோர் எட்டுப் பேர்,
சட்டை வாங்கியது பதினாறு,
மீதி எட்டு யாருக்கு என்று
சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்.

மீதி எட்டும்
பந்தை வாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும்.
தனியாக உதைத்தால் சுவர்தான் திருப்பித் தரும்.
சுவருக்குச் சட்டை வேண்டாம், உண்மை.
ஆரோக்கிய சுஜின் பதினேழு வருஷம்
முள்ளூர்த்துறை மீன் ஏலக்கூடத்துச் சுவரோடு
விளையாடிய வகையில்
அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

அந்த எட்டுப் பேர்
விடிய வள்ளத்துக்குப் போய்விட்டு
நாலு மணிக்கு மைதானத்துக்கு வருகிறவர்கள்.
முதல் வாரம் சுஜினுக்குப் பந்தே தரவில்லை.
இரண்டாம் வாரம் பாவம் பார்த்துத் தந்தார்கள்.
கோலி விலகி நின்று
உள்ளே அடிக்க விட்டான்,
எல்லாரும் கை தட்டினார்கள்.
அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.
ஆறாம் வாரம்
டெனிஸ்டன் சுஜினின் காலை வாரிவிட்டான்.
முழங்காலில் மண்ணும் ரத்தமுமாக எழுந்து
என்னைப் பார்த்துக் கத்தினான்:
"ஃபவுல் ஆக்கும் டீச்சர்! ஊதுங்க!"
ஊதினேன்.
அந்த விசில், பில் எண் 14,
நாற்பத்தைந்து ரூபாய்.

மட்டிப்பழத்துக்கு ரசீது இல்லை.
புதுக்கடை சந்தையில்
ரசீது போட்டுப் பழம் விற்கிறவர்கள் யாரும் இல்லை.
பழக்காரி முழு விலை வாங்கினாள்,
ஒரு சீப்பு கூடப் போட்டாள்.
கூடுதல் சீப்பை இருப்பில் காட்டாதது
என் தவறு.

ஆட்டோ வாடகை:
மெர்லின் ஷீபா இனயத்திலிருந்து
பேருந்தில் வந்திருக்கலாமே என்கிறீர்கள்.
வந்திருக்கலாம்.
கூட ஆள் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்று
இரண்டு தடவை இறக்கிவிட்டார்கள்.
அவளுக்கு வயது இருபத்தாறு.
ஜனவரிக்குப் பிறகு
ஆட்டோ பில் ஒன்றும் இல்லை என்பதை
அன்புடன் கவனிக்கவும்.
இப்போது அவளே ஏறுகிறாள்,
சில்லறை எண்ணி வாங்குகிறாள்,
ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடுகிறாள்.
இதைப் பற்றி அவள் அம்மா சொன்னதை
இங்கே எழுதி, அடித்துவிட்டேன்.
அது கணக்கில் வராது.

வென்ற பதக்கங்கள்: இல்லை.
குளச்சலில் நாலுக்கு ஒன்று என்று தோற்றோம்.
அந்த ஒன்றை அடித்தது
டெனிஸ்டனா சுஜினா என்று
இரண்டு வீட்டுக்கும் இன்னும் வழக்கு.
பந்து யார் காலில் பட்டுப் போனது என்று
நடுவரான எனக்கும் தெரியாது.

குறைபாடுடையோருக்கு மட்டும் தனி அணி அமைத்தால்
செலவு பாதியாகும் என்ற
உங்கள் பரிந்துரை சரிதான்.
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
பாதிதான் ஆகிறது.

மார்ச் முப்பத்தொன்றோடு ஒதுக்கீடு முடிந்தது.
மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்
வங்கியில் திருப்பிக் கட்டிய செலான், இணைப்பு 3.
அடுத்த ஆண்டுக் கருத்துரு
நாகர்கோவிலில் எந்த மேசையில் இருக்கிறது என்று
போன் செய்தால்
இன்னொரு மேசையின் எண்ணைத் தருகிறார்கள்.

ஏப்ரல் முதல் தேதி, சாயங்காலம்,
யாரையும் நான் வரச் சொல்லவில்லை.
கோயில் மைதானத்தில்
ஏழாம் எண் சட்டையோடு சுஜின் நிற்கிறான்.
நிதியாண்டு என்றால் என்னவென்று
சொல்லிப் பார்த்தேன்.
முழுக்கக் கேட்டான்.
பிறகு,
"அப்போ யார் கோலி?" என்றான்.

எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.
மற்ற எட்டில் ஐந்து பேர்;
மூன்று பேர் இன்னும் கரை சேரவில்லை,
அலை கூடுதல்.
இதற்குச் செலவுச் சீட்டு எதுவும் இல்லை,
எனவே தடையும் இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள்.
சரிபார்ப்புக்கென்று நீங்கள் எடுத்துப் போன பொருட்களில்
வரிசை எண் 22,
காற்றடிக்கும் பம்ப்.
மற்றவை மெதுவாக வரட்டும்,
அதை மட்டும் முதலில் அனுப்ப முடியுமா?
பந்தில் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பெ. அஞ்சலின் ரீத்தா,
உடற்கல்வி ஆசிரியை.